விமானம் ஏறப்போகும் பெரியவர்களுக்கு எந்த ஆங்கிலம்?

பயணத்துக்கான அடிப்படை ஆங்கிலம் என்று விற்கும் சிறு புத்தகங்களைப் புரட்டும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கடற்கரை, கூடாரம், பனிச்சறுக்கு, வெயிலுக்குத் தடவும் களிம்பு என்று வெள்ளைக்காரர்கள் கோடை விடுமுறைக்குப் போனால் தேவைப்படும் சொற்கள் வரிசையாக இருக்கும். மகளின் பிரசவத்துக்காக ஸ்ரீரங்கத்திலிருந்து நியூஜெர்சிக்குக் கிளம்பும் 65 வயது அம்மாவுக்கு அவற்றில் ஒன்றாவது பயன்படுமா?

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எங்கள் தெருவில் ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இல்லாத வீடு குறைவு. விசா கைக்கு வந்ததும், "டீச்சர், நாலு வார்த்தை சொல்லிக்கொடுங்கள்" என்று மாலை வேளையில் வந்து உட்காருவார்கள். எல்லாருக்கும் உள்ள பயம் ஒன்றுதான்: எப்படிப் பேசுவது? நான் முதலில் அந்தப் பக்கமே போவதில்லை. விமான நிலையத்தில் நாம் பேச வேண்டியது கொஞ்சம். காதில் விழுவதும் கண்ணில் படுவதும்தான் அதிகம். கேட்பது புரிந்துவிட்டால் பதில் ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும். அதனால் முதலில் கண், பிறகு காது, கடைசியில்தான் வாய்.

கண்ணுக்கான பாடத்தை டிக்கெட்டிலிருந்தே தொடங்குகிறேன். அச்செடுத்த தாளை மேசையில் விரித்து, நேரத்தைப் படிக்கச் சொல்வேன். 15ஆம் தேதி 00:40 என்று போட்டிருந்தால், 14ஆம் தேதி மாலையே வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். 15ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் முந்தின இரவே போயிருக்கும். படித்தவர்களே தடுமாறும் இடம் இது. அடுத்து 'டிபார்ச்சர்', 'போர்டிங்' என்ற இரண்டு நேரங்கள். முன்னது விமானம் புறப்படும் நேரம், பின்னது நம்மை உள்ளே ஏற்றத் தொடங்கும் நேரம். நமக்கு முக்கியம் பின்னது. பிறகு ஊர்களின் மூன்றெழுத்துக் குறிகள். திருச்சிக்கு டி.ஆர்.இசட்., சென்னைக்கு எம்.ஏ.ஏ., நியூஜெர்சியில் இறங்கும் நியூவர்க்குக்கு ஈ.டபிள்யூ.ஆர். கவுண்டரில் பெட்டியின் கைப்பிடியில் ஒட்டும் சீட்டில் இந்த எழுத்துகள்தான் பெரிதாக இருக்கும். பெட்டி நகர்ந்து உள்ளே போவதற்குள் அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. படிவம் எதுவானாலும் 'சர்நேம்', 'கிவன் நேம்' என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். பழைய பாஸ்போர்ட் பலவற்றில் சர்நேம் கட்டம் காலியாகவே இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் நம் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். கிவன் நேம் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சாகிவரும். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது. அதைப் பார்த்துப் பதறிப்போய், "வேறு யாருடைய விசாவோ வந்துவிட்டது" என்று ஓடி வந்தவர்கள் உண்டு. பதற வேண்டாம், அது வழக்கமான நடைமுறைதான். ஆனால் டிக்கெட் எடுக்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து, ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று விதி கொண்டுவந்தது. துபாய்க்குப் போகிறவர்கள் கடைசி வாரத்தில் அல்ல, டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதை விசாரித்துவிடுங்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்க நேரம் இருந்தால், அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சர்நேமாகச் சேர்த்துவிடச் சொல்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாத ஒரு மாமி. அவருடைய மகன் விமான நிறுவனத்தின் தளத்தில் சாப்பாட்டு வகைகளைப் பார்த்து, 'ஹிந்து மீல்' என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டான். மூடியைத் திறந்தால் கோழி. மாமி அத்தனை மணி நேரமும் தயிரும் பழமும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு போனார். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அந்தப் பெயருக்கு அங்கே உள்ள பொருளே வேறு. ஹிந்து மீல், அதாவது எச்.என்.எம்.எல்., மாட்டிறைச்சி இல்லாத அசைவச் சாப்பாடு. நம் பக்கத்துச் சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் 'ஏசியன் வெஜிடேரியன்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் குறி ஏ.வி.எம்.எல். வெங்காயம், கிழங்கு தொடாதவர்களுக்கு 'ஜெயின் மீல்' இருக்கிறது. தட்டு கைக்கு வந்ததும் மூடியில் ஒட்டியிருக்கும் நான்கு எழுத்தைப் பார்த்துவிட்டுத் திறக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால், 'நோ மீட், நோ ஃபிஷ், நோ எக்' என்றால் போதும். வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னால் முட்டை வந்து சேரக்கூடும்.

சக்கர நாற்காலி கேட்க வெட்கப்படுகிறவர்கள் நிறையப் பேர். "எனக்கு நடக்க முடியுமே" என்பார்கள். முழங்கால் வலியோடு நெடுந்தூரம் நடந்து, பலகை படித்து, வரிசை மாறி நிற்பதைவிட நாற்காலி கேட்பது எவ்வளவோ மேல். அதிலும் வகைகள் இருக்கின்றன. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், தூரம் நடக்க முடியாது. கடைசி எழுத்து எஸ். என்றால் படி ஏற முடியாது. சி. என்றால் இருக்கை வரைக்கும் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிட்டால், இடையில் இறங்கும் ஊரிலும் கதவருகில் ஆள் நிற்பார். விமானத்தைவிட்டு இறங்கும்போது சொல்ல வேண்டியது ஒரே சொல்: 'வீல்சேர்'.

இடையில் விமானம் மாறும் இடத்தில்தான் தனியாகப் போகிறவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. துபாயோ தோஹாவோ சிங்கப்பூரோ, இறங்கியதும் கூட்டம் இரண்டாகப் பிரியும். 'அரைவல்ஸ்' என்ற பலகை அந்த ஊருக்குள் போகிறவர்களுக்கு. 'டிரான்ஸ்ஃபர்ஸ்' அல்லது 'கனெக்‌ஷன்ஸ்' என்பது நமக்கு. முன்னால் போகும் கூட்டத்தைப் பின்தொடராதீர்கள், பலகையைப் பின்தொடருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அடுத்தது திரை. இப்போது பல விமான நிலையங்களில் ஒலிபெருக்கி அறிவிப்பைக் குறைத்துவிட்டார்கள், துபாயும் அப்படித்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நம்பிக் கண் அயர்ந்துவிடக் கூடாது. திரையில் நம் விமானத்தின் எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 'டிலேட்' என்றால் தாமதம். 'போர்டிங்' என்றால் எழுந்து நடக்க வேண்டும். 'ஃபைனல் கால்' என்றால் வேறெங்கும் நிற்காமல் 'கேட்', அதாவது விமானம் ஏறும் வாசலுக்குப் போக வேண்டும். கேட் எண் மாறலாம், ஆகவே உட்கார்ந்த பிறகும் திரையில் ஒரு கண் இருக்கட்டும்.

கழிப்பறைக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். சிங்கப்பூரிலும் லண்டனிலும் 'டாய்லெட்', அமெரிக்காவில் 'ரெஸ்ட்ரூம்', கனடாவில் 'வாஷ்ரூம்', விமானத்துக்குள் 'லாவட்டரி'. அமெரிக்காவில் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்பது நம் தரைத்தளம். இவற்றை ஒருமுறை சொன்னாலே பிடித்துக்கொள்வார்கள்.

குடியேற்ற அதிகாரியின் முன் நிற்பதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் நான் அதிகாரி. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, சிரிக்காமல், கொஞ்சம் வேகமாகக் கேட்பேன். 'வாட்ஸ் தி பர்பஸ் ஆஃப் யுவர் விசிட்?' இதில் காதில் விழ வேண்டியது 'பர்பஸ்' ஒன்றுதான், எதற்காக வந்தீர்கள் என்று கேட்கிறார். பதில்: 'விசிட்டிங் மை டாட்டர்'. அடுத்தது 'ஹௌ லாங்?' என்று வரும். பதில் மாதக் கணக்கில் ஒரு எண், அதுவும் கையில் உள்ள திரும்பும் டிக்கெட்டோடு பொருந்த வேண்டும். விசாவில் பத்து ஆண்டு என்று இருப்பதைப் பார்த்து 'டென் இயர்ஸ்' என்று சொல்லிவிடக் கூடாது. பத்து ஆண்டு என்பது அந்த விசாவைக் காட்டி வரக்கூடிய காலம். ஒவ்வொரு முறையும் எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை அந்த அதிகாரிதான் முடிவு செய்கிறார், பெரும்பாலும் ஆறு மாதம். 'வேர் வில் யூ பி ஸ்டேயிங்?' என்றால் மகளின் முகவரி எழுதிய தாளை நீட்டினால் போதும்.

பிறகு கைரேகை. 'ரைட் ஹேண்ட், ஃபோர் ஃபிங்கர்ஸ்', 'தம்ப்', 'லெஃப்ட் ஹேண்ட்', 'லுக் அட் தி கேமரா'. இந்தச் சொற்களை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை, ஆனால் அமெரிக்காவுக்கு முதல்முறை போகிறவர்களில் பலர் இவற்றைக் கேட்க வேண்டியிருக்கும். மேசையில் ஒரு சிலேட்டை வைத்து, நான் சொல்லச் சொல்ல நான்கு விரலையும் சேர்த்து அழுத்தச் சொல்கிறேன். வயதானவர்களின் விரல் நுனி தேய்ந்திருக்கும், ரேகை விழாது. 'பிரெஸ் ஹார்டர்', அதாவது இன்னும் அழுத்துங்கள் என்று அதிகாரி சொன்னால் அது கோபம் அல்ல என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் கை நடுங்காது.

நம்மவர்களிடம் நான் மாற்றப் பாடுபடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. புரியாவிட்டாலும் 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டுவது. மரியாதைக்காகச் செய்கிறார்கள். ஆனால் இறைச்சி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கும் 'ஆர் யூ கேரியிங் எனி மீட்?' என்ற கேள்விக்கும் 'யெஸ்' என்றால் பெட்டி முழுவதும் மேசையில் கொட்டப்படும். நம் பக்கவாட்டுத் தலையாட்டலோ, அவர்களுக்கு ஆம் என்றும் தெரியாது, இல்லை என்றும் தெரியாது. ஆகவே வாயால் சொல்ல நான் முதலில் பழக்கும் வாக்கியம் இது: 'சாரி, ப்ளீஸ் சே இட் ஸ்லோலி'. இரண்டாவது, 'தமிழ் இன்டர்ப்ரெட்டர், ப்ளீஸ்'. மொழிபெயர்ப்பாளர் கேட்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். புரியாததைப் புரியவில்லை என்று சொல்ல ஒருவருக்குத் தைரியம் வந்துவிட்டால், என் வேலையில் பாதி முடிந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

சுங்கச் சோதனைக்கு ஒரே சொல், 'டிக்ளேர்'. என்ன இருக்கிறது என்று நாமே முன்வந்து சொல்வது. 'எனி ஃபுட்?' என்று கேட்டால் பெட்டியில் சாப்பாட்டுப் பொருள் எது இருந்தாலும் 'யெஸ்' சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவரிடமிருந்து கூடாத பொருளை எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்தவருக்கு அபராதம். சாம்பார்ப் பொடிக்கு 'ஸ்பைஸ் பவுடர்', ஊறுகாய்க்கு 'பிக்கிள்', விபூதிப் பொட்டலத்துக்கு 'ஹோலி ஆஷ்' என்று பொட்டலத்தின் மேலேயே ஆங்கிலத்தில் எழுதி ஒட்டிக்கொடுக்கிறேன். கறிவேப்பிலையை மட்டும் எடுத்துவைத்துவிடச் சொல்லி மன்றாடுவேன். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் வாழ்கிறது என்பதால் அமெரிக்காவுக்குள் அதை விடுவதில்லை. நம் ஊர் அரிசியும் அப்படித்தான், தானியத்தை அரிக்கும் கப்ரா வண்டுக்குப் பயந்து தடுத்திருக்கிறார்கள். காரணத்தைச் சொன்னால் பெரியவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். வெறுமனே "கூடாது" என்றால் புடவைக்குள் சுற்றி எடுத்துப்போவார்கள்.

அமெரிக்காவுக்குள் இன்னொரு விமானம் மாற வேண்டியிருந்தால், முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். 'ரீ-செக்' என்ற பலகை அதற்காக. பெட்டி வராவிட்டால், 'மை பேக் டிட் நாட் கம்' என்று சொல்லி ஒட்டுச் சீட்டைக் காட்ட வேண்டும். புகார் எழுதிக்கொண்டு பி.ஐ.ஆர். என்ற தாளைத் தருவார்கள். அது இல்லாமல் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது.

கடைசியாக ஒரு அட்டை. பெயர், போகும் முகவரி, நாட்டு எண்ணோடு மகள், மருமகன் இருவரின் தொலைபேசி, அதன் கீழே உடம்பு விவரம். 'ஐ ஹேவ் ஷுகர்' என்று சொன்னால் பையில் சர்க்கரை வைத்திருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'டயபெட்டிக்' என்று எழுத வேண்டும். 'பி.பி.' என்பதை 'ஹை பிளட் பிரஷர்' என்று முழுதாக எழுத வேண்டும். மாத்திரைக்குக் கம்பெனிப் பெயரை விட்டு, மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்று மருந்தின் பெயரையே எழுத வேண்டும். இங்குள்ள கம்பெனிப் பெயர் அங்குள்ள மருத்துவருக்குத் தெரிய வேண்டியதில்லை. டாக்டர் சீட்டும் மாத்திரைகளும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல. அட்டையை இரண்டு பிரதி எழுதி, ஒன்றைப் பாஸ்போர்ட்டோடும் இன்னொன்றைப் பணப்பையிலும் வைக்கச் சொல்கிறேன். கைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் மகளின் எண் யாருக்கும் மனப்பாடமாக இருப்பதில்லை.