மூலைவாட்டில் ஒரு தூக்கம்

ஜூன் 1, 2024, சனி

மாமாவின் தோட்டத்தில் டுரியான் பழம் விழத் தொடங்கிவிட்டது. பினாங்குத் தீவில், பாலிக் புலாவ் மலைச்சரிவில் 32 மரங்கள், குத்தகைத் தோட்டம். நம் மலேசியாவில் டுரியானைப் பறிப்பதில்லை. பழுத்துத் தானாகக் கழன்று விழும்வரை காத்திருக்கிறோம். அது விழுவதோ பெரும்பாலும் இரவிலும் விடியலிலும். பருவம் முடியும்வரை யாராவது ஒருவர் அங்கேயே படுத்தாக வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் மாமாதான். இந்த ஆண்டு அவருக்கு 71 வயது. அத்தை இறந்த பிறகு வரும் முதல் பருவம். சனி, ஞாயிறு நான் வந்து துணைக்குப் படுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

குடிசையில் இருப்பது ஒரே ஒரு பலகைக் கட்டில். அதனால் எனக்கு ஒரு ஹேமாக் வாங்கி வந்தேன். மாமா பார்த்ததும், "தூளிதானே இது?" என்றார். ஆமாம், தூளிதான்.

கட்டில் போலத் தட்டையாக இருக்கட்டும் என்று இரண்டு ஜாதிக்காய் மரங்களுக்கு நடுவே தூளியின் நாடாப் பட்டைகளை வலுவாக இழுத்துக் கட்டினேன். பத்து மணிக்குப் படுத்தேன். துணி இரு பக்கமும் எழும்பித் தோள்களை உள்ளே நெருக்கியது. முதுகு வில்லாக வளைந்தது. முழங்கால் மூட்டு பின்னோக்கி அழுந்தி வலித்தது. புரளலாம் என்றால் தூளியே கவிழ வந்தது. இரவு இரண்டு மணிக்கு இறங்கிக் குடிசைத் தரையில் பாய் விரித்தேன்.

"தூக்கம் வரவில்லையா தம்பி?" என்று இருட்டில் குரல் வந்தது. மாமாவும் விழித்துத்தான் இருந்தார். இடுப்பெலும்பு பலகையில் அழுந்துகிறதாம். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

காலையில் காப்பி குடித்துக்கொண்டே மாமா என் கட்டுகளைச் சுற்றிப் பார்த்தார். அவர் 30 ஆண்டுகள் தொலைபேசிக் கம்பி இழுத்தவர். பட்டையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார்; வீணைத் தந்தி போல அதிர்ந்தது.

"கம்பத்துக்குக் கம்பம் கம்பியை நேராக இழுத்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒன்று கம்பி அறுந்துவிடும், இல்லையென்றால் கம்பம் சாய்ந்துவிடும். தொய்வு விட வேண்டும். தொய்வுதான் கம்பிக்கு உயிர்."

வீடு திரும்பியதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் எடை 68 கிலோ. பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 பாகைச் சரிவில் இருந்தால், ஒவ்வொரு மரத்திலும் கட்டிய பட்டையில் விழும் இழுவை சரியாக 68 கிலோ. சரிவு 15 பாகையாகக் குறைந்தால் அது 131 கிலோ. நேற்று நான் கட்டியது 10 பாகைதான் இருக்கும். அப்படியென்றால் ஒரு பக்கத்துக்கு 196 கிலோ! இவ்வளவு இழுவையும் துணியின் ஓரங்களில் ஏறி, தோளைப் பிடித்து நெருக்கியிருக்கிறது. தட்டையாகப் படுக்க வேண்டுமானால் இறுக்கிக் கட்ட வேண்டும் என்று நினைத்தது முற்றிலும் தலைகீழான எண்ணம்.

30 பாகையை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. சுட்டுவிரலைக் கிடையாக நீட்டி, கட்டைவிரலை நேராக மேலே நிமிர்த்த வேண்டும். கட்டைவிரல் நுனியிலிருந்து சுட்டுவிரல் நுனிக்கு ஓடும் கோடு ஏறத்தாழ அந்தச் சரிவுதான்.

இன்னொன்றும் மாமா சொன்னார், கொஞ்சம் கடுமையாகவே. டுரியான் மரத்தில் கட்டாதே. அதன் கிளை நிழல் விழும் இடத்திலும் கட்டாதே. இரண்டு கிலோ முள் பழம் இருபது முப்பது அடி உயரத்திலிருந்து விழுந்தால் அதற்கு மருந்து கிடையாது. பட்டுப்போன கிளை தொங்கும் எந்த மரமும் ஆகாது.

ஜூன் 5, புதன்

பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மனைவி தூளியைக் கூடத்தில் விரித்துப் போட்டு டேப்பால் அளந்துகொண்டிருந்தாள். அவள் தையல்காரி. 260 சென்டிமீட்டர் நீளம், 140 அகலம்.

"உங்கள் உயரம் 174. இரண்டு முனையிலும் துணி சுருங்கிப் போகிறது. மிச்சம் இருப்பதில் நீங்கள் எப்படி நீட்டிப் படுப்பீர்கள்?"

இது பகலில் உட்கார்ந்து ஆடுவதற்கான அளவு என்பது அவள் தீர்ப்பு. ஜோர்ஜ்டவுன் துணிக்கடைகளில் கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடும் நைலான் தேடப் போகிறாள். அந்த நெய்தலில் ஒரு கிழிசல் விழுந்தாலும் அது அடுத்த கட்டத்துக்கு எளிதில் ஓடாது.

ஜூன் 8, சனி

புதுத் தூளி 335 சென்டிமீட்டர் நீளம், 150 அகலம். நீண்ட ஓரங்களை இருமுறை மடித்துத் தைத்திருக்கிறாள். முனைகளை மட்டும் தைக்கவில்லை. கொசுவம் போல மடித்துச் சேர்த்து, கயிற்றால் பல சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டாள். எங்கள் மகளுக்குப் புடவையில் தூளி கட்டியபோதும் இப்படித்தான் மடித்தாள். மரத்தைச் சுற்றும் பட்டை இரண்டரை சென்டிமீட்டர் அகலம். கயிறாக இருந்தால் ஜாதிக்காய் மரத்தின் மென்மையான தோலை அறுத்துவிடும்.

இன்று தொய்வாகக் கட்டினேன். தோள் நெருக்கம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் முதுகு இன்னும் வளைந்தே இருந்தது. நேராகப் படுத்தால் உடம்பு துணியின் வளைவைத்தான் பின்பற்றும். தலையும் காலும் மேலே, இடுப்பு பள்ளத்தில்.

பிறகுதான் மூலைவாட்டில் படுத்துப் பார்த்தேன். பிரேசிலிலும் மெக்சிகோவின் யுகத்தான் பகுதியிலும் தலைமுறை தலைமுறையாகத் தூளியிலேயே உறங்கும் மக்கள் இப்படித்தான் படுக்கிறார்கள் என்று வாரம் முழுவதும் படித்து வைத்திருந்தேன். தலையை நடுக்கோட்டிலிருந்து ஒரு முழம் இடப்புறம் நகர்த்தினேன். கால்களை அதே அளவு வலப்புறம் தள்ளினேன். சட்டென்று முதுகுக்குக் கீழே இருந்த பள்ளம் காணாமல் போனது. துணி தன் அகலத்தை எனக்குக் கொடுத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வளைவு நீளவாட்டில்தான் இருக்கிறது. அதைக் குறுக்கே கடந்து படுக்கிறவனுக்கு ஏறத்தாழ சமதளம் கிடைக்கிறது. ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தேன். இடுப்பு, தோள்பட்டை, பின்தலை மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தன. அந்த நிமிடத்தில் எனக்கு வந்த மகிழ்ச்சியை இங்கே எழுதி வைத்தே ஆக வேண்டும்.

முழுதும் சரியாகிவிடவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடுவில் ஓடும் துணி விறைத்து ஒரு வரப்பாக எழுகிறது. அது கெண்டைக்காலுக்கு அடியில் உறுத்தியது. அரை மணி நேரத்தில் உடம்பும் கால் பக்கமாக வழுக்கிப் பழைய பள்ளத்துக்கே வந்து சேர்ந்தது. மூன்று முறை ஏறிப் படுத்தேன், மூன்று முறையும் வழுக்கினேன்.

ஜூன் 9, ஞாயிறு

வழுக்கலுக்குக் காரணம் எளிது. இடுப்புக்கு மேலேதான் உடம்பின் எடை அதிகம். இரண்டு முனையும் ஒரே உயரத்தில் இருந்தால் அந்த எடை நடுப்பள்ளத்தைத் தேடி இறங்கும், கால்களை முன்னே தள்ளிக்கொண்டு. கால் பக்கத்துப் பட்டையை ஒரு சாண் உயர்த்திக் கட்டினேன். வழுக்கல் நின்றது. வரப்பும் கெண்டைக்காலை விட்டு விலகியது. முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்ததும் மூட்டு வலியும் போய்விட்டது. ஒரு வாரம் படுத்திய வலிக்கு மருந்து ஒரு துண்டு.

மாமா தன் பங்குக்கு ஒரு வேலை செய்தார். தூளியின் இரு முனைகளையும் இணைத்து மேலே ஒரு மெல்லிய, நீளாத கயிறு கட்டினார். தூளி நீளத்தில் 83 விழுக்காடு, அதாவது 278 சென்டிமீட்டர். மரங்கள் நான்கு மீட்டர் தள்ளி இருந்தாலும் ஐந்து மீட்டர் தள்ளி இருந்தாலும் இந்தக் கயிறு தொய்வைக் காப்பாற்றிவிடும். இனி ஒவ்வொரு முறையும் கோணம் பார்த்துத் தவிக்க வேண்டாம். விளக்கு, கண்ணாடி, கொசுவலை எல்லாம் இந்தக் கயிற்றிலேயே தொங்கும். படுத்தபின் அது விரலால் கொஞ்சம் வளைக்கும்படி இருக்க வேண்டும். இரும்புக் கம்பி போல நின்றால் பட்டை இன்னும் இறுக்கம் என்று பொருள்.

ஜூன் 12, புதன்

இடைவேளையில் ஒரு யோசனை. தமிழில் தூங்குதல் என்றால் முதலில் தொங்குதல், ஆடுதல். தூங்கணாங்குருவியின் கூடு தொங்குகிறது. வானில் தொங்கிய கோட்டையை அழித்த சோழனைத் 'தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன்' என்று பாடினார்கள். உறக்கம் என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டு, இன்று அதுவே முன்னே நிற்கிறது. ஹேமாக் என்பது கரீபியத் தீவுகளின் டைனோ மக்களுடைய ஹமாக்கா என்ற சொல்லிலிருந்து வந்தது. 1492இல் கொலம்பஸின் ஆட்கள் அந்தப் படுக்கையை அங்கே பார்த்தார்கள். பிறகு ஐரோப்பியக் கப்பல்களில் மாலுமிகளும் அதில் படுக்கத் தொடங்கினார்கள். தொங்குவதற்கும் உறங்குவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு இந்தப் படுக்கை அயலானதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் 15, சனி

நல்ல உறக்கம், ஆனால் நான்கு மணி வரைதான். குளிரில் விழித்தேன். பினாங்கில் குளிரா என்று யாரும் கேட்கலாம். வெப்பநிலை 24 பாகைக்குக் கீழே போயிருக்காது. ஆனால் தூளிக்கு அடியில் காற்று போய்க்கொண்டே இருக்கிறது. போர்வையை மேலே எத்தனை சுற்றினாலும் முதுகுக்குக் கீழே அது உடல் எடையில் நசுங்கிவிடும்; நசுங்கிய போர்வைக்குள் காற்று நிற்காது, காற்று நிற்காவிட்டால் சூடும் நிற்காது. நுரைப்பாயை மூலைவாட்டில் விரித்து அதன் மேல் படுத்தேன். போதுமானதாக இருந்தது. அதில் இன்னொரு நன்மை: மெல்லிய நைலானைத் துளைத்து அடியிலிருந்து கடிக்கும் கொசுவையும் அது தடுத்துவிட்டது.

விடியற்காலை மழை. தார்ப்பாய் தாங்கியது. பட்டை வழியாக ஓடி வரும் நீரைச் சொட்ட வைக்க, முனைக்கு முன்னால் ஒரு நூல் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். தூளி நனையவில்லை.

ஜூன் 17, திங்கள், ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை

மூன்று இரவுகள் தொடர்ந்து படுத்தாயிற்று. நான் ஒருக்களித்துப் படுத்துப் பழகியவன். மூலைவாட்டிலேயே கிடந்து முழங்காலை மடக்கினால் பக்கவாட்டிலும் நன்றாக உறங்க முடிகிறது. குப்புறப் படுக்கிறவர்களுக்கு மட்டும் இது உதவாது.

ஆட்டத்தைப் பற்றியும் எழுத வேண்டும். 2011இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 ஆண்களை 45 நிமிடப் பகல் உறக்கத்துக்குப் படுக்க வைத்தார்கள். ஒரு நாள் அசையாத கட்டில், ஒரு நாள் மெல்ல ஆடும் கட்டில். ஆடும் கட்டிலில் விரைவாகவும் ஆழமாகவும் உறங்கினார்கள் என்று மூளை அலைகளைப் பதிவு செய்து காட்டினார்கள். நேற்றிரவு காற்று லேசாகத் தள்ளியது. மரங்களுக்கு அடியில் கட்டிய வலையில் பழம் விழும் ஓசையை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவதற்குப் பிறகு நினைவில்லை.

மாமாவோ இரண்டு மணிக்கும் மூன்றரைக்கும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். காலையில் அவர் படியிறங்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

ஜூன் 22, சனி

"இந்த வயதில் தூளியா?" என்று இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை, "மாமா, தொய்வுதான் உயிர் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்" என்றேன். சிரித்துவிட்டார்.

அவருக்காகத் தூளியை நாற்காலி உயரத்துக்கு, உட்கார்ந்தால் 45 சென்டிமீட்டர் வருமாறு இறக்கிக் கட்டினேன். இறங்கும்போது பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும். ஏறும் முறையையும் முதலில் நான் செய்து காட்டினேன்: நடுவில் நின்று துணியைப் பின்னால் அகல விரித்து, நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து, பிறகு தலையை ஒரு மூலைக்கும் காலை எதிர் மூலைக்கும் கொண்டு போக வேண்டும். காலை முதலில் போட்டு ஏறினால் கவிழ்த்துவிடும்.

நுரைப்பாய் விரித்தேன். கால் பக்கம் ஒரு சாண் உயரம். முழங்காலுக்கு அடியில் அத்தையின் பழைய புடவையைச் சுருட்டி வைக்கச் சொன்னார். வைத்தேன்.

படுத்து, இடுப்பை ஒரு முறை அசைத்துப் பார்த்தார். "எங்கேயும் அழுத்தவில்லையே" என்றார். அவ்வளவுதான். கொசுவலையை மூடுவதற்குள் மூச்சு சீராகிவிட்டது. நான் பலகைக் கட்டிலில் படுத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

ஒன்றே காலுக்கு முதல் பழம். பிறகு மூன்று மணிக்கு மேல் அடுத்தடுத்து விழுந்தன. ஒவ்வொரு ஓசைக்கும் மாமா எழுவார் என்று குடிசை விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தூளி அசையவே இல்லை. ஐந்தரைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு நானே வலைகளுக்குப் போனேன். 14 பழங்கள், அதில் மூன்று ஆங் ஹே வகை. கூடைகளைச் சுமந்து வரும்போது ஏழு மணி ஆகிவிட்டது. வெயில் தார்ப்பாயின் ஓரத்தைத் தொட்டிருந்தது. மாமா இன்னும் மூலைவாட்டில், வாய் லேசாகத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். கூடைகளைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.