பருவுக்குக் குளிசை, முடிக்கு இரும்பு

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் என்கிற குளிசையை எடுத்தால் முடி கொட்டுமா என்று கேட்கிற ஆட்கள் கூடிவிட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் கேட்கிறார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்கா கேட்கிறார், சித்தி மகள் வாட்ஸ்அப்பில் கேட்கிறாள். கொட்டும். எல்லாருக்கும் இல்லை. எனக்குக் கொட்டியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். எனக்கு வந்தது கன்னத்தில் அழகுக்கு ஒன்றிரண்டு இருக்குமே, அந்தப் பரு இல்லை. தாடைக்குக் கீழே கட்டி கட்டியாக, தலையணையில் முகம் வைத்தால் வலிக்கிற பரு. ஆறினாலும் பள்ளம் விட்டுத்தான் போகும். மஞ்சள், சந்தனம், வேப்பிலை எல்லாம் பார்த்தாயிற்று. டவுன் கடையில் தோழி வாங்கித் தந்த வெள்ளையாக்கும் கிரீமை மட்டும் தொடவில்லை. டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்றே போடாத சாமானை முகத்தில் பூச எனக்குத் துணிச்சல் கிடையாது. ஹட்டனில் ஒரு டொக்டர் டொக்சிசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக் கொடுத்தார். சாப்பிடும் வரை அடங்கும், விட்டதும் வட்டியோடு திரும்பி வரும்.

கடைசியில் கண்டியில் ஒரு தோல் டொக்டரை, நேரம் பதிந்து, சனல் பண்ணினோம். விடிகாலை பஸ், கினிகத்தேனை வளைவுகளில் அம்மாவுக்கு வாந்தி, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் போய்ச் சேரும்போது பாதி உயிர் போய்விட்டது. டொக்டர் சிங்களத்தில்தான் பேசினார். எனக்கு நன்றாக வரும். அம்மாவுக்கு பஸ்ஸுக்கும் சந்தைக்கும் போதுமான அளவு வரும். கல்யாணம் ஆகிவிட்டதா, கர்ப்பமாக வாய்ப்பு இருக்கிறதா என்று அவர் கேட்டது அந்த அளவுக்குள் அடங்கிவிட்டது. அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து டொக்டரே மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சிரித்தார். ஆனால் கேட்காமல் விடவும் முடியாது. இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது கர்ப்பமானால் பிள்ளைக்குப் பெரிய குறைபாடுகள் வரும். அதனால்தான் மருந்து சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பிறகு ஒரு மாதத்துக்கும் கர்ப்பமாகவே கூடாது என்கிறார்கள். அந்தக் காலம் முழுக்க இரத்ததானமும் செய்யக் கூடாது. டொக்சிசைக்ளினையும் அன்றைக்கே நிறுத்தச் சொன்னார். இரண்டும் சேர்ந்தால் தலைக்குள் அழுத்தம் கூடலாமாம்.

கணக்கு டீச்சர் என்பதால் டோஸ் விஷயம் எனக்குப் பிடித்துப்போனது. மொத்தமாக உடம்பு எடையில் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் வரை போய்ச் சேர்ந்தால் பரு திரும்பி வரும் வாய்ப்புக் குறைவு என்பதுதான் வழக்கமான கணக்கு. நான் 48 கிலோ. 120ஆல் பெருக்கினால் 5,760 மில்லிகிராம். நாளுக்கு 40 வீதம் போட்டால் ஐந்து மாதத்துக்குள் முடியும். 20 வீதம் போட்டால் ஒன்பது மாதத்துக்கு மேல் இழுக்கும். முதல் மாதம் 20, பிறகு 40 என்றார் டொக்டர். கொழுப்புள்ள சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால்தான் உடம்பில் சரியாகச் சேரும் என்றார். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிடுகிற வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

உதடு வெடித்தது. மூக்கில் அவ்வப்போது இரத்தம் வந்தது. படியேறினால் முழங்கால் பிடித்தது. இதெல்லாம் அவர் முன்கூட்டியே சொன்னதுதான். மனச்சோர்வு வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். வரவில்லை. மூன்றாம் மாதம் தாடை மழமழவென்று ஆகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க விடாமல் ஆடி மாதம் முடி கொட்டத் தொடங்கியது.

முடியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை என்பதுதான் என் ஒரே கோபம். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில், எறும்பு எழுத்தில், இங்கிலிஷில் இருந்தது. அதைப் படித்தவள் நான். படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, இன்னும் பீலிதான், மலைத் தண்ணீர் வந்து விழுகிற பொது இடம். மழைக்காலத்தில் அதில் தலைக்குக் குளித்தால் மண்டை விறைத்துவிடும் என்பதால் வீட்டில் விறகடுப்பில் தண்ணீர் சுட வைத்து, வாளியோடு பீலிக்கரைக்குக் கொண்டுபோய்க் குளிப்பேன். தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் ஒரு கல் இடுக்கு இருக்கிறது. அதில் என் முடி கறுப்பாகச் சுருண்டு அடைத்து நிற்கும். குளித்து முடித்ததும் ஈர்க்குச்சியால் கிளறி எடுத்துப் போடுவேன். பீலிக்கரையில் எதுவும் மறையாது. ஒரே வாரத்தில் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அப்புறம் வைத்தியத்துக்கா பஞ்சம்? சின்ன வெங்காயச் சாறு, கற்றாழை, செம்பருத்தி, கரிசலாங்கண்ணி எண்ணெய். கண்ணுபட்டிருக்கு என்று அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். நெடி வந்தது. நெடி வந்தால் கண்ணூறு இல்லை என்று எங்கள் ஊரில் அர்த்தம், ஆகவே அந்த வழக்கு தள்ளுபடி. மாரியம்மனுக்கு மொட்டை நேர்ந்துகொள் என்றார் ஒரு பெரியம்மா. "போறதுதான் போகுது, சாமிக்குப் போகட்டுமே புள்ள" என்றார். அவர் தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. எண்ணெயைத்தான் நான் மறுத்தேன். தலையில் அப்பிய தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு இறங்கினால் மறுபடி பருவுக்கு வழி விட்ட மாதிரி ஆகிவிடும்.

அடுத்த முறை கண்டிக்குப் போனபோது நானே கேட்டேன். டொக்டர் உச்சியைப் பிரித்துப் பார்த்தார், ஒரு கொத்து முடியைப் பிடித்து மெதுவாக இழுத்தும் பார்த்தார். சொட்டையாக ஓரிடத்தில் போகவில்லை, தலை முழுக்கப் பரவலாக மெலிகிறது, வேர் செத்துப்போகவில்லை என்றார். நம் தலைமுடியில் 85 முதல் 90 சதவீதம் எப்போதும் வளர்கிற நிலையில் இருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி ஓய்வில் இருக்கும். ஓய்வு ஏறக்குறைய மூன்று மாதம், அது முடிந்ததும் விழும். அப்படித் தினமும் 50 முதல் 100 வரை கொட்டுவது எல்லாருக்கும் உள்ளது. மருந்து, காய்ச்சல், பிள்ளைப்பேறு, சத்துக்குறைவு என்று ஏதாவது ஓர் அதிர்ச்சி வந்தால் வளர்கிற முடியில் நிறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து கொட்டும். காரணம் நீங்கினால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது அடங்கி, திரும்ப முளைக்கும்.

இதை வீட்டில் சொன்னபோது அப்பாதான் முதலில் பிடித்துக்கொண்டார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியே முதுகு வளைந்தவர். "கவ்வாத்து மலைய பாத்தா எரிஞ்ச காடு மாதிரிதான் இருக்கும். ரெண்டு மாசம் போனா தளிரு வந்துரும்ல, அதானே?" என்றார். அதேதான் அப்பா. டொக்டர் அரை மணி நேரம் பேசியதை அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்.

டோஸை மறுபடி 20க்கு இறக்கினார்கள். முடி கொட்டுவது அளவு கூடக் கூடத்தான் அதிகம் என்பதால், மெதுவாகப் போனாலும் மொத்தக் கணக்கு நிறைந்தால் போதும் என்று ஏற்பாடு. நானாக நிறுத்தியிருந்தால் பருவும் முடியும் இரண்டும் கெட்ட கதையாகியிருக்கும்.

இனித்தான் முக்கியமான விஷயம். மாதாமாதம் ஈரல், கொழுப்புப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கிறோமே, அதோடு தைரொய்டையும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொன்னார். தைரொய்ட் சரி. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் 9. பெரியவர்களுக்கு 15க்குக் கீழே போனால் சேமிப்பு காலி என்று அர்த்தம். ஹீமோகுளோபினும் 12க்குக் கீழே. அதாவது இந்த மருந்து தலையில் கை வைப்பதற்கு முன்பே என் தலைக்குப் போக வேண்டிய சாப்பாடு பாதியில் நின்றிருந்தது. எது எவ்வளவு கொட்ட வைத்தது என்று பிரிக்க முடியாது என்றார் டொக்டர். நான் முழுப் பழியையும் குளிசை மேல் போடத் தயாராக இருந்த நேரத்தில் இந்தத் தாள் வந்தது.

யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயம் என்ன இருக்கிறது? எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணுடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாலும் வெளுத்துத்தான் இருக்கும். தலை சுற்றுகிறது, மூச்சு வாங்குகிறது, அசதி என்றால் மலை ஏறி இறங்குகிற உடம்பு அப்படித்தான் என்று விட்டுவிடுவோம். சோறு இறங்கிய கையோடு சாயத்தண்ணி குடிக்காமல் எழும்புகிற வீடு ஏதாவது இருக்கிறதா? தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் கீரை, பருப்பு போன்ற மரக்கறிச் சாப்பாட்டில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும், குடலால் சரியாக உறிஞ்ச முடியாது. இறைச்சியில் உள்ள இரும்பை அவ்வளவாகக் கெடுக்காது, ஆனால் இறைச்சி எங்களுக்குச் சம்பளக் கிழமைச் சமாச்சாரம். ஊருக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுக்கிறவர்களுக்கு, சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. கொழுந்து நிறுக்கத் தராசு வைத்திருக்கிறார்கள், இதற்கு ஒன்றும் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே இடைவெளி. அப்பாவுக்கு மட்டும் விதிவிலக்கு. அவரோடு சண்டை பிடிக்க என்னால் ஆகாது. இரும்புக் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணியோடு விழுங்குகிறேன், விற்றமின் சி சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு மலச்சிக்கலும் வரும். பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

ஈரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரத்தம் குறைவு என்று கேள்விப்பட்டதும் அத்தை கிழமைக்குக் கிழமை ஆட்டு ஈரலோடு வந்து நின்றார். அன்பை மறுக்க முடியாது. ஆனால் ஈரலில் இரும்பு எவ்வளவோ அவ்வளவுக்கு விற்றமின் ஏயும் உண்டு. நான் சாப்பிடுகிற மருந்தே விற்றமின் ஏயின் வழித்தோன்றல். விற்றமின் ஏ அளவு மீறினால் அதுவே முடியைக் கொட்ட வைக்கும். மருந்து முடியும் வரை ஈரல் வேண்டாம் என்றார் டொக்டர், தம்பி நன்றாகச் சாப்பிட்டான். பாமசியில் "முடிக்கு" என்று விற்கிற மல்டிவிற்றமின் குளிசைகள் பலவற்றிலும் விற்றமின் ஏ இருக்கும், பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பயோட்டின் எடுக்கிறவர்கள் இரத்தம் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள், தைரொய்ட் போன்ற சில பரிசோதனைகளைத் தப்பாகக் காட்ட வைக்கும்.

இந்தக் கூத்தையெல்லாம் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அம்மாயி. அவர் உச்சியில் ஒரு கை அகலத்துக்கு முடியே கிடையாது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, நனைந்த கொழுந்தின் பாரத்தை அந்த ஒரே இடத்தில் தாங்கித் தாங்கி, தோல் பளபளவென்று இருக்கும். சின்ன வயதில் நான் அதைத் தடவி விளையாடியிருக்கிறேன். "எனக்குக் கூடைக்கயிறு தின்னுச்சு, ஒனக்குக் குளிச திங்குதா? ஒனக்காச்சும் மொளைக்குமாம்ல" என்றார். அதற்குப் பிறகு கண்ணாடி முன் நின்று நான் ஒப்பாரி வைப்பது குறைந்துவிட்டது.

சமாளித்த விதம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. இடுப்பு வரை இருந்ததை ஹட்டன் சலூனில் தோள் வரை வெட்டினேன். வெட்டினால் கொட்டுவது நிற்காது, ஆனால் கொட்டுவது நீளமாகத் தெரியாது. வகிடை நடுவிலிருந்து பக்கத்துக்கு மாற்றினேன். இறுக்கிக் கொண்டை போடுவதை விட்டேன். ஈரத்தலையைச் சீவுவதில்லை. மற்றபடி எங்கள் ஊர்க் குளிர் எனக்குத் துணை. ஆடி மழையில் எல்லாரும் கம்பளித் தொப்பியோடு திரிகிற ஊரில் என் தொப்பியை யார் கேட்கப் போகிறார்கள்? யாழ்ப்பாணத்தில் வேலை கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. பாடசாலையில் ஒரே ஒரு தடவை, கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபோது, ஆறாம் வகுப்புப் பொடியன் "டீச்சர், ஒங்க சட்ட முழுக்க முடி" என்றான். சரி, தட்டிவிடு என்றேன். தட்டிவிட்டான். பின்னக் கணக்கைத் தொடர்ந்தோம்.

தீபாவளிக்கு முன்பே குளிசை முடிந்துவிட்டது. இப்போது சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் தொடங்கி ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. முடி கொட்டுவது பழைய அளவுக்கு வந்திருக்கிறது. நெற்றி ஓரத்தில் புதுசாகச் சின்னச் சின்ன முடிகள் எந்தச் சீப்புக்கும் அடங்காமல் குத்திட்டு நிற்கின்றன. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், பழைய நீளத்துக்கு வருடக்கணக்கு ஆகும். பழைய நீளம் வேண்டுமா என்பதே இப்போது யோசனை. தோள் அளவுக்குத் தண்ணீர் சுட வைப்பது லேசு.

மாமா ஆவணியிலேயே ஒரு மாப்பிள்ளை விஷயம் கொண்டு வந்தார். மருந்து இருக்கு, தையில பாப்பம் என்று அம்மாவே சொல்லி அனுப்பிவிட்டார். கண்டியில் அந்தக் கேள்விக்கு அப்படி முகம் சுளித்தவர், இப்போது கடைசிக் குளிசைக்குப் பிறகு ஒரு மாதம் கழிந்ததா என்று நாள்காட்டியில் தானே எண்ணிப் பார்க்கிறார். எண்ணியது சரி, ஆனால் மாப்பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.