சேர்த்தே ஆகணுமா?

கிட்டிப்புள் பட்டு வரும் கண்களில் அது பெரிய காயம் இல்லை. கருவிழிக்கு உள்பக்கம், அடியில் பிறை மாதிரி ரத்தம் தேங்கியிருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, எங்கள் கணக்கில் முதல் நிலை. கண் அழுத்தம் 26. வழக்கமாக 21க்குள் இருக்கும். பையனுக்குப் பார்வை மங்கியிருந்ததே தவிர வலி அவ்வளவாக இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னேன். வலிக்காத கண்ணுக்கு எதற்குப் படுக்கை என்றார் பையனின் அப்பா.

"சொட்டு மருந்து குடுங்க மேடம், வீட்டுல வெச்சுப் பாத்துக்கிறோம். நான் லோடு ஏத்தப் போகலேன்னா அன்னைக்குக் கூலி இல்ல."

"கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. கண்ணு போச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்றேன்.

சேர்த்துவிட்டார்.

நான் சொன்னது பொய் இல்லை. முதல் ரத்தத்தைவிட எங்களுக்குப் பயம் இரண்டாவது ரத்தத்தின் மேல்தான். உறைந்த கட்டி சுருங்கிக் கரைகிற சமயம், பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், கிழிந்த ரத்தக் குழாய் மறுபடி திறந்துகொள்ளலாம். அப்போது கசிவது பல சமயம் முதல் தடவையைவிட அதிகமாக இருக்கும். அழுத்தம் ஏறும், கருவிழியில் ரத்தக் கறை படியும், பார்வை நரம்பு அடிவாங்கும். தலையை உயர்த்திப் படுக்கணும், ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. வலி என்றால் பாராசிட்டமால் மட்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற ஆஸ்பிரின், புரூஃபன் எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டும். தம்பி தங்கைகளோடு ஒரே அறையில் இருக்கும் பையனை இப்படி யார் உட்கார வைப்பது?

ஆனால் முழு உண்மையும் இல்லை. இவ்வளவு சின்னக் கசிவுக்குக் கண்ணில் கவசம் வைத்து, வீட்டுக்கு அனுப்பி, தினமும் வரச்சொல்லிப் பார்ப்பதும் ஒப்புக்கொள்ளப்பட்ட வழிதான். அது எனக்குத் தெரியும். அவர் தினமும் பஸ் ஏறி வருவாரா என்பதுதான் தெரியாது. வரமாட்டார் என்று நானே முடிவு கட்டினேன். லுங்கியையும் தோள் துண்டையும் பார்த்து முடிவு கட்டினேனோ என்று இப்போது தோன்றுகிறது. அதே காயத்தோடு ஒரு பேங்க் மேனேஜரின் மகன் வந்திருந்தால் 'பொறுப்பில்ல' என்று சொல்லியிருப்பேனா? அதட்டியிருக்க மாட்டேன் என்பது நிச்சயம். சேர்க்கச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மறுபடி ரத்தம் வரவில்லை. அட்ரோபின், ஸ்டீராய்டு சொட்டு, அழுத்தத்துக்கு ஒரு சொட்டு. ரத்தம் கரைந்து பார்வை திரும்பியது. படுக்கையில் வைத்ததால் வரவில்லையா, எப்படியும் வந்திருக்காதா? இதற்கு விடை யாரிடமும் இல்லை. அவருக்கு நஷ்டமான கூலிக்கு மட்டும் கணக்கு உண்டு.

டிஸ்சார்ஜ் அன்று பொறுமையாகத்தான் சொன்னேன். அடி பட்டதில் உள்ளே நீர் வடியும் கோணம் கிழிந்திருக்கலாம். பல வருஷம் கழித்துக்கூட அழுத்தம் ஏறலாம். அடுத்த மாதம் ஒரு பரிசோதனை, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை.

"ரத்தம் கரைஞ்சிடுச்சு இல்ல? அப்புறம் என்ன மேடம்?" என்றார்.

முன்பு பயமுறுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. இனி நான் சொல்வதை ஏன் நம்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். அல்லது கூலிதான் காரணமோ என்னவோ, அவர்கள் வரவில்லை. கொடுத்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். இன்னொரு தடவை அதட்டியிருந்தால் வந்திருப்பார் என்கிறார் எங்கள் வார்டு சிஸ்டர். இருக்கலாம்.

இப்போதெல்லாம் 'பொறுப்பில்ல' என்று சொல்வதில்லை. இரண்டு வழியையும் விளக்கி, எது முடியும் என்று கேட்கிறேன். சிலர் சேர்க்கிறார்கள். சிலர் சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.