மூலக்கூறு மாதிரிகளில் அசைவுக்கு என்ன வேலை?

திரையில் நாம் பார்க்கும் மூலக்கூறு முப்பரிமாணப் பொருளின் தட்டையான வடிவம்தான். ஆயிரக்கணக்கான அணுக்கள் ஒன்றையொன்று மறைத்து நிற்கும் புரதத்தில் எது முன்னால், எது பின்னால் என்பதை அசையாத படம் சொல்வதில்லை. அதையே மெல்லத் திருப்பினால், அருகிலும் தொலைவிலும் உள்ள அணுக்கள் திரையில் நகரும் விதத்தைக் கொண்டு கண் ஆழத்தைத் தானாகவே உணர்ந்துகொள்கிறது. 1960களின் நடுவில் எம்.ஐ.டி.யில் உயிர் இயற்பியலாளர் சைரஸ் லெவிந்தால், பிணைப்புகளைக் கோடுகளாக மட்டும் வரையும் கோட்டு மாதிரிகளைக் கணினித் திரையில் சுழலவிட்டதும் இதற்காகத்தான்.

ஆனால் முழுச் சுற்றை நான் பெரும்பாலும் தவிர்க்கிறேன். பார்க்க வேண்டிய இடம் பாதி நேரம் பின்பக்கம் போய்விடும். மூலக்கூறுகளைத் திரையில் காட்டும் மென்பொருளான பைமாலில் உள்ள ‘ராக்’ கட்டளையைப் போல இருபுறமும் 15, 20 பாகை அளவுக்கு மட்டும் ஆட்டினால் ஆழமும் புரியும், கவனமும் சிதறாது. தொலைவிலுள்ள அணுக்களைப் பின்னணி நிறத்தில் கரைக்கும் மூடுபனி விளைவும் உடன் வேண்டும். அது இல்லாவிட்டால் கோட்டு மாதிரி எந்தத் திசையில் சுழல்கிறது என்பதிலேயே குழப்பம் வந்துவிடும்.

வடிவ மாற்றத்தைக் காட்டும்போதுதான் உண்மையான சிரமம் தொடங்குகிறது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்வோம். ஆல்பா சங்கிலியும் பீட்டா சங்கிலியும் சேர்ந்த இரண்டு இணைகள் கொண்டது அது. ஒவ்வொரு சங்கிலியிலும் இரும்பு அணுவைத் தாங்கிய ஹீம் என்ற தட்டையான அமைப்பு உண்டு. ஆக்சிஜன் வந்து பிணையும்போது, ஹீம் தளத்திலிருந்து ஏறத்தாழ 0.4 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) விலகியிருந்த இரும்பு அணு தளத்துக்குள் வருகிறது. தன்னுடன் பிணைந்த ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தையும், அது அமைந்துள்ள சங்கிலிச் சுருளையும் இழுக்கிறது. முடிவில் ஒரு ஆல்பா-பீட்டா இணை மற்றதைப் பொறுத்து ஏறத்தாழ 15 பாகை திரும்புகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அசைத்தால், புரதம் முழுவதும் கொஞ்சம் நெளிந்தது என்பதற்கு மேல் பார்ப்பவருக்கு எதுவும் தங்காது. ஆகவே மற்ற பகுதிகளை மங்கலாக்கி, ஒரு ஹீமை மட்டும் நெருங்கிக் காட்டி, இரும்பின் நகர்வு முடிந்தபின் சுருளையும், கேமரா பின்வாங்கி நின்றபின் இணையின் திருப்பத்தையும் காட்டுவது நல்லது. கேமராவும் மூலக்கூறும் ஒருசேர நகரக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனெனில் எது நகர்ந்தது என்று பிரித்தறியக் கண்ணுக்கு ஒரு நிலையான பிடிமானம் தேவை.

இதே காரணத்தால், ஆக்சிஜன் பிணைவதற்கு முன்னும் பின்னும் உள்ள இரு வடிவங்களையும் எதன்மேல் பொருத்தி வைக்கிறோம் என்பதும் முக்கியம். மூலக்கூறு முழுவதையும் சராசரியாகப் பொருத்தினால் இரண்டு இணைகளும் ஆளுக்குப் பாதியாக அசைவதாகத் தோன்றும். ஓர் இணையின்மேல் மட்டும் பொருத்தினால் அது அசையாமல் நிற்க, மற்றதன் திருப்பம் முழுமையாகத் தெரியும்.

இரு வடிவங்களுக்கு இடையிலான ஃபிரேம்களை உருவாக்க, ஒவ்வோர் அணுவையும் நேர்கோட்டில் நகர்த்துவதே எளிய வழி. ஆனால் ஆறு கார்பன் அணுக்களாலான தட்டையான பீனைல் வளையம் 180 பாகை புரளும் இடத்தில், நடு ஃபிரேமில் அந்த வளையம் வெறும் கோடாக ஒடுங்கிவிடும். பிணைப்பு நீளங்களை மாற்றாமல் பிணைப்பைச் சுற்றிய திருப்பத்தைக் குறிக்கும் முறுக்குக் கோணங்களை மட்டும் படிப்படியாக மாற்றினால் இது நேராது. இந்திய அறிவியலாளர் ஜி.என். ராமச்சந்திரனும் உடன் ஆய்வாளர்களும் 1963இல் வெளியிட்ட, புரதச் சங்கிலிக்கு இயலும் முறுக்குக் கோணங்களைக் காட்டும் வரைபடத்தில் இடைநிலைகளை வைத்துப் பார்த்தால், புரதச் சங்கிலி எங்கே இயலாத கோணத்தில் முறுக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஆய்வில் கண்டறியப்பட்டவை இரு முனைகள் மட்டுமே. ‘இடைநிலைகள் கணக்கிடப்பட்டவை’ என்ற வரியைக் காட்சியின் மேலேயே எழுத வேண்டும். தனிக் குறிப்பாக எழுதினால், வீடியோ கைமாறும்போது அது உடன் போவதில்லை.

அணுக்களின் அசைவைப் படிப்படியாகக் கணக்கிடும் மூலக்கூறு இயக்கச் சிமுலேஷனில் சிக்கல் வேறு விதமானது. கணக்கீடு 2 ஃபெம்டோநொடிக்கு ஒருமுறை முன்னேற, 10 பைக்கோநொடிக்கு (ஒரு பைக்கோநொடி 1,000 ஃபெம்டோநொடி) ஒருமுறை நிலையைச் சேமித்தால், அடுத்தடுத்த இரு ஃபிரேம்களுக்கு நடுவே 5,000 படிகள் கழிந்திருக்கும். அதை அப்படியே ஓடவிட்டால் எல்லா அணுக்களும் வெடவெடவென்று நடுங்கும். பெரிய அசைவு அந்த நடுக்கத்தில் புதைந்துவிடும். விஎம்டி என்ற மென்பொருளில் உள்ளதுபோல் அடுத்தடுத்த ஃபிரேம்களின் சராசரியை எடுத்தால் நடுக்கம் அடங்கும். ஆனால் சராசரியில் வேகமாகச் சுழலும் மெத்தில் தொகுதிகளின் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜன்களும் சேர்ந்தவை) ஹைட்ரஜன்கள் சுழலச்சின்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும் என்பதால், இத்தகைய காட்சிகளில் ஹைட்ரஜன்களை மறைத்து, முதன்மைச் சங்கிலியை நாடா வடிவில் காட்டுவதே சரி.