மான்சல் பாதையில் ஒரு வாத்து

டெர்பி நகரத்துக்குக் குடிவந்த நான்காம் மாதத்தில், முன்பின் அறியாத ஒரு பெண்மணி என்னை வாத்து என்று அழைத்தார். மே மாத விடுமுறை நாள் ஒன்றில், பேக்வெல் ஊருக்கு அருகிலுள்ள ஹாசப் என்னும் பழைய ரயில் நிலையத்தில் நானும் கணவரும் வாடகைக்கு மிதிவண்டி எடுத்திருந்தோம். இரண்டு கால்களும் தரையைத் தொட்டால்தான் சைக்கிள் ஓட்ட வரும் எனக்கு, அந்த இருக்கை தென்னை மரத்தின் உச்சியில் இருப்பதாகத் தோன்றியது. நான் படும் பாட்டைப் பார்த்து அருகில் வந்த அவர், ‘எய் அப், மீ டக்’ (‘என்ன, என் வாத்தே’) என்று சொல்லியபடி ஒரே திருகில் இருக்கையைத் தாழ்த்திக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போய்விட்டார்.

கணக்கு தப்பினால் ‘வாத்து மடையா’ என்று திட்டும் ஆசிரியரிடம் படித்தவள் நான் என்பதால், அந்தச் சொல் காதில் விழுந்ததும் முகம் சுருங்கிவிட்டது. கோவையில் வாங்காத பட்டத்தை ஐயாயிரம் மைல் தாண்டி வந்தா வாங்க வேண்டும் என்று கணவரிடம் புலம்பினேன். டெர்பிஷயரில் அது பிரியமாக அழைக்கும் சொல் என்றும், நம் பக்கத்தில் காய்கறிக்காரம்மா ‘வாங்க கண்ணு’ என்பதைப் போன்றதுதான் என்றும் மறுநாள் அலுவலகத்தில் விளக்கினார்கள். அன்றைய பாதை முழுவதும் அது தெரியாமலேயே மிதித்தேன்.

மான்சல் பாதை என்பது எட்டரை மைல் நீளமுள்ள, தண்டவாளம் அகற்றப்பட்ட ரயில் பாதை. லண்டனையும் மான்செஸ்டரையும் இணைப்பதற்காக மிட்லண்ட் ரயில்வே அமைத்த வழியில் ஒரு துண்டான இது, 1863இல் திறக்கப்பட்டு 1968இல் மூடப்பட்டது. இப்போது நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் குதிரையில் வருபவர்களும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, வழிவிட்டதற்கு ஒரு நன்றியும், நன்றி சொன்னதற்கு ஒரு நன்றியும் சொல்லிக்கொண்டு போகிறார்கள். மேட்டுப்பாளையம் சாலையில் மணியடித்தே பழகிய என் கட்டைவிரலுக்கு அங்கே வேலை குறைவாகவும், வாய்க்கு வேலை அதிகமாகவும் இருந்தது.

பாதையில் நான்கு நீண்ட சுரங்கங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நானூறு ஐந்நூறு மீட்டர் இருக்கும். பல ஆண்டுகள் அடைத்து வைத்திருந்த அவற்றை 2011இல் விளக்குப் போட்டுத் திறந்துவிட்டார்கள். வெளியே வெயில் அடிக்கும்போதே உள்ளே குளிர் எலும்பைத் தொடுகிறது. கூரையிலிருந்து சொட்டும் நீர் கழுத்துக்குள் சரியாகக் குறிபார்த்து விழுகிறது. ஊட்டி ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பெட்டி மொத்தமும் ‘ஓ’வென்று கத்தும் அல்லவா? அந்தப் பழக்கத்தில் நானும் கத்திவிட்டேன். என் குரல் மட்டும் தனியாகப் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. எதிரே நாயோடு வந்தவர் உதவி ஏதும் தேவையா என்று மிகுந்த கவலையோடு விசாரித்தார்.

முதல் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் வை ஆற்றின் மேல் ஐந்து வளைவுகளோடு நிற்கும் ஹெட்ஸ்டோன் பாலம் வருகிறது. இன்று எல்லோரும் படமெடுக்கும் இந்தப் பாலத்தைக் கட்டியபோது, கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் கொதித்துப்போனாராம். பள்ளத்தாக்கு போயிற்று, தெய்வங்களும் போயின, பக்ஸ்டன் ஊரின் முட்டாள்கள் அரைமணி நேரத்தில் பேக்வெல்லுக்கும், பேக்வெல்லின் முட்டாள்கள் பக்ஸ்டனுக்கும் போய்வரத்தானே இந்த ரயில் என்று எழுதினார். அதே ரஸ்கினின் நூலொன்றைக் காந்தியடிகள் 1904இல் படித்து மனம் மாறியது தென்னாப்பிரிக்காவில் ஓடும் ரயிலில்தான் என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஏற்கெனவே வாத்து என்று பெயர் வாங்கியிருந்த எனக்கு, ரஸ்கினின் முட்டாள்கள் பட்டியலில் சேர்வது பெரிய சங்கடமாக இல்லை.

அடுத்த சுரங்கத்துக்குச் சற்று முன்னால், கீழே ஆற்றங்கரையில் கிரெஸ்புரூக் மில் தெரிந்தபோதுதான் கால்கள் மிதிப்பதை நிறுத்தின. 1815ஆம் ஆண்டுக் கட்டடம். வரிசை வரிசையாக உயரமான ஜன்னல்கள். உச்சியில் ஒரு சிறு மணிக்கூண்டு. இங்கே நூற்றது பருத்தி நூல் என்று படித்ததும் எனக்கு அந்தப் பள்ளத்தாக்கு மறைந்து கோவையின் சிங்காநல்லூர் தெரியத் தொடங்கிவிட்டது. அப்பா ஒரு மில்லில் இருபத்தாறு வருடம் ரிங் ஃப்ரேம் என்னும் நூல் நூற்கும் இயந்திரத்தில் நின்றவர். காலைச் சங்குக்கு அடுப்பு பற்றவைத்து, மாலைச் சங்குக்கு விளக்கேற்றிய வீடு எங்களுடையது. மூன்றாம் ஷிப்ட் முடிந்து வருபவரின் புருவத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சை, அவர் தூங்கியபின் நானும் தம்பியும் போட்டி போட்டுக்கொண்டு எடுப்போம். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அந்த மில் மூடப்பட்டது. நிலுவைத் தொகைக்காக அப்பா பல வருடம் நடந்தார். புகைபோக்கியை இடித்தார்கள், சங்கு பழைய இரும்போடு போனது, அந்த இடத்தில் இப்போது நிற்கும் அடுக்குமாடியின் பெயரில் மில்லின் ஓரெழுத்துக்கூட இல்லை.

கிரெஸ்புரூக் மில்லும் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புதான். ஆனால் ஒரு ஜன்னலின் ஒழுங்கும் மாறாமல் நிற்கிறது. எனக்கு வந்தது வியப்பு அல்ல, பொறாமை, அதை மறைப்பதற்கில்லை. மீதிப் பாதை முழுவதும் அந்தப் பொறாமையைத்தான் மிதித்தேன். மில்லர்ஸ் டேல் அருகே 1880இல் கட்டிய சுண்ணாம்புக் காளவாய்கள் கோட்டைச் சுவர்போல நிற்கின்றன. காளவாய்க்குக்கூட விளக்கப் பலகை. பொங்கலுக்கு வீட்டுச் சுவரில் பூசிய சுண்ணாம்பு எந்தக் காளவாயில் வெந்தது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லையே என்று நினைத்தபோது கோபம் என் பக்கமே திரும்பியது.

காளவாய்க்கு முன்னாலேயே லிட்டன் என்னும் இன்னொரு பருத்தி மில்லைக் கடந்திருந்தோம். அங்கே வேலை செய்த ராபர்ட் பிளின்கோ, லண்டனின் ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து மில்லுக்கு அனுப்பப்பட்ட சிறுவன். அவர் சொன்ன வாழ்க்கை வரலாறு 1832இல் நூலாக வந்தது. பன்றிகளுக்கு வைத்த மாவு உருண்டைகளைத் திருடித் தின்று பசியாறினார்களாம் அந்தப் பிள்ளைகள். அதை வீட்டுக்கு வந்து படித்தபோது, கல்யாணச் செலவுக்குப் பணம் சேருமென்று மூன்று வருட ஒப்பந்தத்தில் மில் விடுதிக்குப் போய், வாரம் ஒருமுறை மட்டும் தொலைபேசியில் பேசிய என் அத்தை மகளின் குரல் நினைவுக்கு வந்தது. ஜன்னல் ஒழுங்கைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் வாயடைத்துப் போனேன்.

அன்று மாலை அப்பாவுக்குப் படங்களை அனுப்பினேன். கோவையில் மணி பத்தரை தாண்டியிருக்கும். மூன்றாம் ஷிப்ட் பழக்கம் விடாததால் விழித்திருந்தார், உடனே அழைத்தார். இயந்திரச் சத்தத்தில் மங்கிய காது என்பதால் எப்போதும்போல உரக்கப் பேசினார். படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்திருக்க வேண்டும்.

“ஏனம்மிணி, இத்தன ஜன்னல் வச்சுருக்காங்க. காத்தடிச்சா நூல் அறுந்துக்கிட்டே இருக்குமே, சைடு பாத்தவன் என்ன பண்ணியிருப்பான்?” என்றார். இயந்திரத்தின் ஒரு பக்கத்தில் நின்று அறுந்த நூலை ஒட்டுவதைத்தான் சைடு பார்ப்பது என்பார்.

நம்முடைய மில்லையும் இப்படி நிறுத்தி வைத்திருக்கலாம் அல்லவா அப்பா என்று கேட்டேன். கட்டடத்தை வைத்து என்ன செய்வது, பாக்கியைக் காலத்தோடு கொடுத்திருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, குதிரைக்கும் சைக்கிளுக்கும் ஒரே பாதையா என்பதை இரண்டு முறை கேட்டுத் தெளிந்தார். இருக்கையைத் தாழ்த்திக் கொடுத்த பெண்மணியின் கதையைச் சொன்னதும் இருமல் வரும்வரை சிரித்தார்.

இப்போது ஐந்தாவது வருடம் நடக்கிறது. கடைக்காரர் டக் என்றால் நான் திரும்பிப் பார்ப்பதும் இல்லை, முகம் சுளிப்பதும் இல்லை. இந்த ஊர் பழகிவிட்டது என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அழைப்பை முடிக்கும்போது மட்டும், “செரி வாத்து, போயித் தூங்கு” என்று அப்பா உரக்கச் சொல்லும்போது, போனை வைக்க மனம் வருவதில்லை.