தாய்மார் வகுப்பு: நாட்குறிப்பு

மார்ச் 4

குழந்தைக்கு உணவூட்டுவது பற்றிய தாய்மார் வகுப்பு இன்று தொடங்கியது. புரதம், வைட்டமின், தாது உப்பு என்று அச்சிட்ட படங்களை இம்முறை வெளியே எடுக்கவில்லை. வறுமையில் பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்கு எது நல்ல உணவு என்பது பெரும்பாலும் தெரியும். இருக்கிற கொஞ்சத்தை எந்தப் பக்குவத்தில், எத்தனை வேளை கொடுப்பது என்பதில்தான் குழப்பம். ஆகவே பேச்சைக் குறைத்து அடுப்பை மூட்டினோம்.

ஒரே மாவில் ஒரு கஞ்சியை நீர்க்கவும் மற்றொன்றைக் கெட்டியாகவும் காய்ச்சினோம். கரண்டியைச் சாய்த்தபோது முதலாவது உடனே ஒழுகிவிட்டது; இரண்டாவது மெல்லச் சரிந்து கரண்டியிலேயே தங்கியது. குழந்தையின் இரைப்பை ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டரே கொள்ளும் என்பதால், 8 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு வேளைக்குக் கால் லிட்டர் அளவே உண்ண இயலும். அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வயிறு நிறையுமே தவிர உடம்பில் ஒட்டாது. "அதனால்தான் குடித்த கையோடு மறுபடி அழுகிறானா?" என்று ஒரு தாய் கேட்டார். நான் சொல்லவிருந்ததில் பாதி அக்கேள்வியிலேயே அடங்கிவிட்டது.

மார்ச் 7

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். பிறகு இணை உணவு, அதாவது தாய்ப்பாலோடு சேர்த்துத் தரும் உணவு; 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால். இதை எவரும் மறுக்கவில்லை. 9 மாதத்திலிருந்து நாளுக்கு 3, 4 வேளை உணவு என்றபோது, விடியுமுன் கூலி வேலைக்குப் புறப்பட்டு இருட்டிய பின் திரும்பும் ஒருவர் சிரித்துவிட்டார். நியாயமான சிரிப்பு. பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அதன் சிறு வயது அக்காள் என்றால், நாம் வகுப்பு நடத்துவது யாருக்கு?

மார்ச் 11

1990களின் தொடக்கத்தில் வியட்நாமில், குழந்தைகள் நலப் பணிக்குச் சென்ற ஜெர்ரி, மோனிக் ஸ்டெர்னின் தம்பதியர் செய்ததை இன்று எடுத்துக்கொண்டோம். அதே வறுமையிலும் நன்றாக வளரும் பிள்ளைகளின் வீடுகளை ஊராரையே தேடச் சொன்னார்கள். அவ்வீட்டுத் தாய்மார், வயலில் கிடைத்த சிறு இறாலையும் நண்டையும், பிறர் குழந்தைக்கு ஆகாதென ஒதுக்கிய கீரையையும் சேர்த்து, சிறிது சிறிதாகப் பல வேளை ஊட்டியிருந்தார்கள்.

எங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருந்தார். கடைக்குட்டிக்கு அவர் தனித் தட்டு வைக்கிறார். பொதுத் தட்டில் மூத்தவர்கள் முந்திக்கொள்வார்களாம். இதற்குக் காசு செலவில்லை. எந்தக் கையேட்டையும்விட அவர் பேச்சுக்கே மற்றவர்கள் காது கொடுத்தார்கள்.

மார்ச் 14

வயிற்றுப்போக்கின்போது உணவை நிறுத்தக்கூடாது என்பதையும் உப்புச் சர்க்கரைக் கரைசலையும் சுருக்கமாக முடித்துவிட்டு, குழந்தையின் மேல் கைச் சுற்றளவை அளந்து மெலிவைக் காட்டும் நாடாவை ஆளுக்கொன்றாகக் கொடுத்தோம். 6 முதல் 59 மாதக் குழந்தைக்கு 115 மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்பு, அதாவது கடும் ஊட்டச்சத்துக் குறைவு; 125-க்குக் கீழே மஞ்சள், அதாவது மிதமான குறைவு. இரு பாதங்களையும் கட்டைவிரலால் 3 விநாடி அழுத்தி, நீர்கோத்த வீக்கத்தால் குழி விழுகிறதா என்று பார்க்கவும் காட்டினோம்; அதுவும் கடும் ஊட்டச்சத்துக் குறைவின் அடையாளம். தாய்மாரால் நாடாவைக் கொண்டு சரியாக அளக்க முடியும் என்பது ஆப்பிரிக்க நாடான நைஜரில் ஆய்ந்தறியப்பட்டது. இருந்தும் நாடாவைப் பணியாளரிடமே பூட்டி வைக்கும் வழக்கம் எனக்கு விளங்கவில்லை.

மார்ச் 18

ஒரு தாய் தானே அளந்து, சிவப்பு என்று கண்டு, விடிந்ததும் குழந்தையைத் தூக்கி வந்தார். மறுமுறை அளந்தும் சிவப்பே. இந்நிலைக்குச் சமையல் பாடம் போதாது, சிகிச்சை வேண்டும், உடனே அனுப்பிவைத்தோம். வேலைக்குப் போகும் தாய்மாருக்காக அடுத்த வகுப்பை இரவுக்கு மாற்றியிருக்கிறோம். பாட்டிகளையும் தகப்பன்மாரையும் அழைத்திருக்கிறோம். பகலில் ஊட்டும் அக்காள்களும் வருவார்கள்.