பட்டாலையில் ஒரு பவள மீன்

காரைக்குடியில் சின்ன அப்பத்தா வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்), ஆத்தங்குடிக் கல் பதித்த தரைமீது, தம்பி ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறான். அதில் வெள்ளை உடலில் மூன்று கறுப்புப் பட்டைகள் கொண்ட, கட்டைவிரல் நீளமே உள்ள டேம்சல் மீன் ஒன்று இருக்கிறது. சாதுவான மீன் என்று சொல்லித்தான் விற்றார்களாம். பின்னால் வாங்கிவிட்ட இரண்டு மீன்களையும் அது விரட்டி விரட்டிச் செதிலைக் கடித்துவிட்டது. எனக்கு மீன்மீது கோபமில்லை, தன் பவளத்தைத் தன் வளவாக, அதாவது தன் வீடாகக் கருதிக் காப்பதே அதன் இயல்பு.

1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட இந்த டசில்லஸ் அருவானஸ், மேற்கு பசிபிக் கடற்பகுதிகளில், மான்கொம்புபோல் கிளைவிட்ட பவளங்களில் கூட்டமாக வாழ்கிறது. ஆபத்து நெருங்கினால் மொத்தக் கூட்டமும் கிளைகளுக்குள் மறைந்துவிடும். முட்டைகளைக் காத்து, துடுப்பால் விசிறிக்கொண்டிருப்பது ஆண்மீன்தான். அது இறந்துவிட்டால், கூட்டத்தில் பெரிய பெண்மீனே ஆணாக மாறிப் பொறுப்பேற்கும். இதைச் சொன்னபோது அப்பத்தா, “அட, இது நல்ல ஏற்பாடாயிருக்கே” என்று சிரித்தார்.

இவ்வகை மீன்களின் கழிவிலுள்ள அம்மோனியம் பவளத்துக்கு உரமாகிறது. ஆனால் கடல் சூடாகிப் பவளம் வெளுத்து மடிந்தால், ஒளிய இடமின்றி மீன்களும் குறைகின்றன. நம் மன்னார் வளைகுடாப் பவளங்களும் 2016இல் அப்படி வெளுத்தவைதான். தம்பியின் தொட்டியில் இருப்பதோ பிளாஸ்டிக் பவளம். மீன் அதையும் விட்டுக்கொடுப்பதில்லை.